கொட்டியாரத்துக் கைதி

கல்வெட்டுக்கள் மன்னரின் வெற்றிகளைக் கூறும். செப்பேடுகள் கோயிலுக்கு விட்ட நிலங்களைக் கூறும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டுக் குடியானவன் ஒருவன் காலையில் யாது உண்டான், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது எந்த இலையைக் கசக்கிப் பிழிந்தான் என்பனவற்றை அவை கூறா. எல்லோரும் அறிந்தவற்றை எழுதிவைக்க எவரும் முனைவதில்லை. ஆகவே, இத்தகைய செய்திகள் பெரும்பாலும் அயலான் ஒருவன் கண்ணிற் பட்ட பின்னரே ஏடேறுகின்றன. ஈழநாட்டின் அடுக்களையையும் மருந்துச் செடிகளையும் அவ்வாறு ஏடேற்றியவர்களுள் முதன்மையானவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் கல்விமான் அல்லர், வைத்தியரும் அல்லர், பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்த கப்பலோட்டி. அவருடைய வரலாற்றை அவர் உண்ட சோற்றின் வழியாகவும் தின்ற மருந்தின் வழியாகவும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

புளியமரத்தடியில்

நொக்ஸ் 1641 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. தந்தையார் கிழக்கிந்தியக் கும்பனியின் பணியில் ‘ஆன்’ என்னும் கப்பலுக்குத் தலைவராக இருந்தார். 1659 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்தில் அக்கப்பல் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடுதற்கும் இடையே சிறிது வணிகம் செய்தற்கும் அவர்கள் கொட்டியாரக் குடாவை அடைந்தனர். மட்டக்களப்பு வாவியின் வடக்கே, வாகரைக் கரை வழியாகச் செல்வோர் வெருகலைக் கடந்து மூதூரை அடைவர். அம்மூதூரை அணைந்து கிடப்பதே கொட்டியாரம். மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடமும் அதுவே.

அக்காலத்தில் கண்டியில் இரண்டாம் இராசசிங்கன் அரசாண்டான். போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து, 1638 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையை அவர்களோடு சேர்ந்து கைப்பற்றியவன் அவனே. துணைக்கு வந்தவர் நாட்டைவிட்டு நீங்காமையால் வெள்ளையர் எவரிடத்தும் அவனுக்கு ஐயம் வளர்ந்திருந்தது. அவனுடைய அதிகாரிகள் நட்புக் காட்டி, கப்பற்றலைவரைக் கரைக்கு அழைத்து, புளியமரம் ஒன்றின் நிழலில் அமர்ந்திருந்தபோது பிடித்துக்கொண்டனர். இது நிகழ்ந்தது 1660 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம்.

இவ்விடத்தில் மகனின் இயல்பு வெளிப்படுகின்றது. கப்பலை ஆற்றினுள் கொண்டுவரச் செய்யும்படி பத்தொன்பது வயதினரான மகனைக் காவலர் கப்பலுக்கு அனுப்பினர். அவர் சென்று, கப்பலைக் காத்துக்கொள்ளும்படி அங்கிருந்தோரை எச்சரித்தார். அங்கேயே தங்கியிருந்தால் அவர் தப்பியிருப்பார். எனினும், தந்தையைத் தனியே விட மனமின்றி மீண்டும் கரைக்கு வந்து தாமாகவே சிறைப்பட்டார். பின்னர் கப்பல் பாய்விரித்துச் சென்றது. தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேர் கண்டி நாட்டினுள் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நிகழ்ச்சியின் நினைவாக 1893 ஆம் ஆண்டில் மூதூரில் ஒரு கல் நாட்டப்பட்டது. அவ்விடத்து மரம் வெள்ளைக்காரன் மரம் என்றே வழங்கப்பட்டது.

ஊர்ச்சோறு

கைதிகளை அரசன் கோட்டையில் அடைத்துவைக்கவில்லை. ஊர்தோறும் பிரித்துவிட்டான். ஊரார் முறைவைத்து அவர்களுக்கு நாளுக்கு இருவேளை உணவளித்தல் வேண்டும் என்பது அரச கட்டளை. கைதி தன் மதிலையே கண்டுகொண்டிருப்பான். நொக்ஸோ நாள்தோறும் ஒரு வீட்டின் அடுக்களையைக் கண்டார். அவருடைய நூலின் சிறப்புக்கு இதுவே வித்து எனலாம்.

முதலாண்டிலேயே பெருந்துன்பம் வந்தது. தந்தையும் மகனும் குளிர்காய்ச்சலால் வருந்தினர். 1661 ஆம் ஆண்டு பெப்ரவரியில் தந்தையார் இறந்தார். நோயால் எழுந்து நிற்கவும் வலியற்றிருந்த மகன், பணியாளனாகிய சிறுவன் ஒருவனை அனுப்பி ஊராரின் உதவியை நாடினார். அவர்கள் மாடு கட்டும் கயிறொன்றை மட்டும் கொணர்ந்து, பிணத்தைக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றனர். மனம் நொந்த மகன் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தித் தந்தையை நல்லடக்கம் செய்தார். பின்னர் நெடுநாள் காய்ச்சலோடு தனித்துக் கிடந்தார். ஒருநாள் கிழவர் ஒருவரிடம் ஆங்கில விவிலிய நூலொன்று இருப்பதைக் கண்டு, தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். அந்நூல் அவருக்கு உற்ற துணையாயிற்று.

தொப்பி பின்னுதலே அவருக்கு முதற்றொழில். பின்னர் நெல்லைப் பொலிக்குக் கொடுத்து வாங்கினார். ஊரூராகச் சென்று சில்லறைப் பொருள்கள் விற்றார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னும் ஊரில் சிறு நிலமும் வீடும் தேடிக்கொண்டார். மணம் செய்துகொண்டால் இந்நாட்டிலேயே வேரூன்றிவிடுவோம் என்று அஞ்சி மணத்தை விலக்கினார். தம்மோடு சிறைப்பட்ட ஒருவருக்கும் சிங்களப் பெண் ஒருத்திக்கும் பிறந்த லூசியா என்னும் சிறுமியைத் தம் மகள்போல வளர்த்தார்.

உழவரும் வணிகருமாக வாழ்ந்த அவர் உணவை நன்கு நோக்கினார். நெல்லில் ஏழு மாதத்தில் விளைவதும், ஆறு, ஐந்து, நான்கு மாதங்களில் விளைவனவும், மூன்றே மாதத்தில் விளைவதுமாக ஐவகை உண்டென்று பெயரோடு குறித்தார். ஏழு மாத நெல்லின் பெயர் மாவி. விலை எல்லாவற்றுக்கும் ஒன்றாயிருக்க, விரைவில் விளைவதை உழவன் ஏன் விதைக்கின்றான் என்பதற்கும் அவர் விடை கண்டார். நீர் எத்தனை மாதம் நிற்கும் என்று அளந்தே உழவன் விதையைத் தெரிகின்றான். குளத்து நீரும் மாரி மழையும் நோக்கி முன்மாரி விதைக்கும் எங்கள் படுவான்கரை உழவரும் இக்கணக்கை நன்கு அறிவர். ஆயினும், எங்கள் வயல்களில் இன்று விளைவன பெரும்பாலும் எண்பெயர் தாங்கிய நெல்வகைகளே. வகுப்பில் பழைய நெல்லின் பெயர்களைக் கேட்டால் மாணாக்கர் நாலைந்துக்கு மேற் சொல்லத் தடுமாறுகின்றனர்.

நெல் விளையாத மேட்டு நிலத்துக்குக் குரக்கனும் தினையும் பயறும் எள்ளும் உரியன என்று நொக்ஸ் எழுதினார். ஏழையின் உணவு சோறும் உப்பும். அவற்றோடு சில கீரையும் எலுமிச்சம் புளியும் மிளகும் சேர்ந்தால் அது நல்விருந்து. உப்பு மலைநாட்டில் விளையாது. கடற்கரை உப்பளங்களிலிருந்தே செல்லுதல் வேண்டும். கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்திருந்த காலத்தில் ஒரு பிடி உப்பின் அருமை எத்தகையது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

பிலாவை அவர் பெரிதும் பாராட்டினார். பிஞ்சுக்கு ஒரு பெயர், முற்றிய காய்க்கு ஒரு பெயர், பழத்துக்கு வேறு பெயர் எனப் பருவந்தோறும் பெயர் மாறுதலைக் குறித்தார். பொலொஸ், கொஸ் என்பன முன்னைய இரண்டு. பழத்தின் பெயர்களுள் ஒன்றாகிய வரக என்னுஞ் சிங்களச் சொல்லையும் வருக்கை என்னுந் தமிழ்ச் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் அவற்றின் உறவை எளிதில் உணர்வர். இரண்டும் இறுகிய சுளையுடைய பிலாவையே குறிப்பன. மொழிகள் இரண்டாயினும் மரம் ஒன்று. உண்டவர் பசியும் ஒன்று. பஞ்ச காலத்தில் பிலாக்காயே சோற்றுக்கு ஈடாக நின்று ஏழைகளைக் காத்தது என்பதை அந்நூலால் அறிகின்றோம்.

கித்துள் மரம் ஒன்று நாளுக்கு மூன்று நான்கு கலன் பதநீர் தருவதும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வதும், அதன் குருத்து கறியாவதும், நார் கயிறாவதும் அவரால் விரித்துரைக்கப்பட்டன. கறுவாப் பட்டைக்காக உலகமே போரிட்ட காலத்தில், அம்மரத்தின் கனியை ஊரார் அவித்து நெய்யெடுப்பதை அவர் கண்டார். ஆறியபின் வெண்மையாக இறுகும் அந்நெய்யை உடல்நோவுக்குப் பூசினர், விளக்கிலும் எரித்தனர். அதனால் மெழுகுதிரி செய்தல் அரசனுக்கு மட்டுமே உரியதாய் இருந்தது.

காட்டில் விளைந்த மருந்து

வைத்தியத் தொழிலையே தனித்தொழிலாகக் கொண்டவரை நொக்ஸ் அங்கே காணவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே பரிகாரியாக இருந்தனர். மருந்து வேண்டுமெனில் காட்டுக்குச் சென்று இலையும் பட்டையும் கொடியும் கொண்டுவந்தனர். அவற்றால் அரிய நோய்களும் தீர்ந்ததை அவர் கண்ணாரக் கண்டார். தொண்டையில் எழும் கட்டிக்கு அமரங்கை என்னும் மரத்தின் பட்டை உதவியதை எழுதியுள்ளார். மழைக்காலத்தில் காட்டு வழியிற் செல்வோரை அட்டைகள் பற்றும். அதற்குத் துணியில் எலுமிச்சையும் உப்பும் முடிந்து கோலின் நுனியிற் கட்டிக்கொண்டு, காலில் ஏறிய அட்டையை அதனால் தொட்டு வீழ்த்துவர். மருந்தென்று சொல்லத்தக்கதோ அன்றோ, அடுக்களைப் பொருளைக் கொண்டே காட்டுத் துன்பத்தை வெல்லும் கூர்மை அதிற் காணப்படுகின்றது.

கடுக்காயைப் பற்றி அவர் எழுதிய பகுதி என்னைப் போன்ற ஏட்டுத் தமிழ் படித்தோருக்குத் தனியின்பம் தருவது. அரளு என்று சிங்களத்தில் வழங்கும் அக்காயைப் பேதிமருந்தாக உபயோகித்தனர். அதனை ஊறவைத்த நீரில் துருப்பிடித்த இரும்பை ஓரிரவு இட்டால், இரும்பு துருநீங்கி விளங்கும். நீரோ கருமையாகி எழுதத்தக்க மையாகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பின் துருவும் கூடிக் கறுக்கும் இவ்வுண்மையை நம் முன்னோரும் அறிந்து மைகூட்டினர். வயிற்றைத் தூய்மை செய்யும் காயே எழுத்துக்கும் உதவியது.

நாட்டின் கீழ்ப்பாகத்துக் காடுகளில் வாழ்ந்த வேடரைப் பற்றியும் அவர் கேட்டறிந்தார். வேட்டையிற் கிடைத்த இறைச்சியை அவர்கள் மரப்பொந்தில் தேனூற்றி அதனுள் இட்டு, வாயை மண்ணால் மூடி, வேண்டும்போது எடுத்து உண்டனர். உப்பு அரிதாகிய இடத்தில் தேனே இறைச்சி கெடாமற் காத்தது. வாகரை, பனிச்சங்கேணிப் பக்கங்களில் வேடர் வழியினர் தமிழ் பேசி வாழ்தலை அறிந்த மட்டக்களப்பார்க்கு இச்செய்தி அயற்செய்தி அன்று.

நொக்ஸின் உயிரையே காத்த மருந்து வேறொன்று. தப்பியோட வழிதேடி அவரும் ஸ்ரீபன் றட்லன்ட் என்னும் தோழரும் ஆண்டுதோறும் வடக்கு நோக்கிச் சென்று சரக்கு விற்றனர். அப்பகுதியில் கோடையிற் கிடைத்தது குட்டையில் தேங்கிய கலங்கல் நீரே. அதனைப் பருகுந்தோறும் காய்ச்சல் வந்தது. ஈற்றில் உலர்ந்த கஞ்சா இலையைத் தூளாக்கிக் கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்ணும் முறையை அறிந்தனர். தலை சுழன்றது, ஆயினும் நோய் அணுகவில்லை என்று அவர் நம்பினார்.

இந்நம்பிக்கையை இன்றைய அறிவுகொண்டு நோக்குதல் வேண்டும். அவரை வாட்டிய குளிர்காய்ச்சல் மலேரியாவாகவே இருத்தல் கூடும். அது நீரால் வருவதன்று, நுளம்பால் வருவது என்பதற்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பை றொனால்ட் றொஸ் 1897 ஆம் ஆண்டில் இந்தியாவிற் செய்தார். இலங்கை மலேரியாவினின்றும் நீங்கிய நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆதலால், பழையது என்ற ஒன்றே பற்றி எந்த மருந்தையும் ஏற்றல் தகாது. அதேபோல, பழையது என்ற ஒன்றே பற்றித் தள்ளுதலும் தகாது. எழுதிவைக்கப்பட்டால் ஆராயலாம், எழுதப்படாதது ஆராய்ச்சிக்கும் கிட்டாது. நொக்ஸ் சொன்ன கஞ்சா இலையைப் பற்றி றொபேட் கூக் என்னும் பெரும் விஞ்ஞானி 1689 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தில் உரையாற்றினார். பெயரறியாக் காட்டுவழியில் அறிந்த மருந்து பத்தாண்டுக்குள் அறிஞர் அவையேறியது எழுத்தின் வலியாலன்றோ?

விடுதலையும் அதன் பின்னரும்

1679 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அவ்விருவரும் இறுதி முறையாகப் புறப்பட்டனர். வழியில் அதிகாரி ஒருவர் வினவியபோது, உலர்ந்த மானிறைச்சி வாங்க வந்தோம் என்றனர். மலைநாட்டார் காட்டுப்புறம் சென்று இறைச்சி வாங்குதல் வழக்கமாகையால் அச்சொல் நம்பப்பட்டது. உணவை அறிந்த அறிவே ஈண்டு உயிர்காத்தது. அநுராதபுரத்தில் அவர் கேட்டது தமிழ். அம்மொழியை அவர் அறியார். ஆகவே, அப்பகுதித் தமிழ்மக்களுடைய அடுக்களை அவர் நூலில் இடம்பெறாமற் போயிற்று. மல்வத்து ஓயாவின் கரைவழியே யானைக்கும் கரடிக்கும் அஞ்சி நடந்தனர். வேடர் தங்கிச் சென்ற கொட்டில்களில் எலும்பும் பழக்கோதும் கிடப்பதைக் கண்டு ஒளிந்து ஒளிந்து சென்றனர். ஒக்ரோபர் மாதம் 18 ஆந் திகதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர்.

1680 ஆம் ஆண்டில் இலண்டனை அடைந்த நொக்ஸ், கூக்கின் தூண்டுதலோடும் முன்னுரையோடும் 1681 ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். சில ஆண்டுகளுள் அது செருமன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. தானியல் டீபோ 1720 ஆம் ஆண்டில் எழுதிய நாவலொன்றினுள் நொக்ஸின் கதையையும் எடுத்தமைத்தார்.

வரலாறு எழுதுவோன் புகழ்ந்து மட்டும் போதல் நேர்மையன்று. நொக்ஸ் பின்னர் கும்பனியின் கப்பற்றலைவராகி, அடிமைகளைக் கொள்ளுதற்பொருட்டு மடகாஸ்கருக்குக் கப்பல் செலுத்தினார். பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தவர், பிறரைச் சிறைகொண்டு விற்கும் தொழிலில் இறங்கினார். தம்மை ஊட்டிய மக்களை அன்போடு நினைத்த நெஞ்சம், வேறொரு தீவின் மக்களை மக்களாகக் காணவில்லை. துன்பம் எல்லோரையும் நல்லவராக்கும் என்று நாம் மாணாக்கருக்குக் கற்பிப்பதுண்டு. இவர் வாழ்வு அதனை மறுக்கின்றது. மணமின்றியே வாழ்ந்து 1720 ஆம் ஆண்டில், எழுபத்தொன்பதாம் வயதில் அவர் இறந்தார். தம் நூலில் இடையிடையே அவர் சேர்த்து எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புக்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்து 1911 ஆம் ஆண்டிலேயே அச்சேறின.

நம் கடன்

நொக்ஸைப் போன்றோர் பிறநாடுகளிலும் உளர். சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் வாழும் சுக்சி மக்களின் உணவையும் வழக்கங்களையும் விரிவாக எழுதிய விளாதிமிர் பொகொராஸ், உருசியப் பேரரசால் 1889 ஆம் ஆண்டில் நாடுகடத்தப்பட்டவர். எலிகள் வளையிற் சேர்த்துவைத்த கிழங்குகளைப் பெண்கள் தோண்டியெடுத்து உணவாக்குதலையும் அவர் நூலால் உலகம் அறிந்தது. பனிநாட்டிலும் வெயில்நாட்டிலும் அடுக்களையின் வரலாற்றை எழுதியவர் கைதிகளே. ஓடமுடியாதவன் உற்று நோக்குகின்றான் போலும்.

ஆனால், ஒரு மக்களின் அறிவு ஏடேறுதற்கு அயலான் ஒருவன் சிறைப்படுதல் வேண்டுமா? மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் இன்னும் முசுட்டையும் குறிஞ்சாவும் தூதுவளையும் வல்லாரையும் பறிப்போர் இருக்கின்றனர். எந்தக் கீரை எந்த மாதத்தில் ஆகாது, பிள்ளை பெற்றவளுக்கு எந்தச் சரக்கை எவ்வளவு அரைப்பது, உவர்நிலத்து உமரியை எவ்வாறு சமைப்பது என்பன அவர்களுக்குத் தெரியும். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி காண வேப்பிலையோடு செல்லும் முதிய பெண்டிர் பலர் ஒரு நூலுக்குப் போதிய மருந்தறிவைத் தலையிற் சுமந்து செல்கின்றனர். போரும் ஆழிப்பேரலையும் ஊர்களைப் பெயர்த்தபோது அவ்வறிவும் ஒரு பகுதி பெயர்ந்துபோயிற்று. எஞ்சியதை எழுதுதற்குப் பல ஆண்டுகள் நமக்கு இல்லை.

நொக்ஸ் மரங்களின் பெயரை எழுதினார். நெல்லின் பெயரை எழுதினார். அரசனின் பெயரையும் அதிகாரிகளின் பெயரையும் எழுதினார். தம் உயிரைக் காத்த இலையைக் காட்டிக்கொடுத்தவரின் பெயரை எழுதினாரில்லை. ஆசிரியன்மாரும் மாணாக்கரும் தத்தம் ஊரின் உணவையும் மருந்தையும் எழுதப் புகும்போது அக்குறை நேராதவாறு பார்த்துக்கொள்ளுதல் நன்று. செடியின் பெயர், அது நிற்கும் இடம், பறிக்கும் காலம், பாகம் செய்யும் முறை ஆகிய நான்கோடு, சொல்லித்தந்த பாட்டியாரின் பெயரை ஐந்தாவதாக எழுதுக.